அரை மணித்தியாலம் காணும், அங்கிள்

பாட்டுக்காரரிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு. "ஒரு புதுப் பாட்டைப் பழக உங்களுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?" கேட்டால் பொய்தான் வரும். பாடகர், "ரெண்டு தரம் கேட்டால் சரி" என்பார். தாளக்காரன், "கேக்கவே தேவையில்லை, மேடையில பாத்துக்கொள்ளலாம்" என்பான். கிற்றார் வாசிப்பவர் ஒன்றும் சொல்லாமல் சிரிப்பார். அது இன்னும் பெரிய பொய். நான் கீபோர்ட் வாசிப்பவன். எங்கள் இனம் கொஞ்சம் அடக்கமானது. நாங்கள் "அரை மணித்தியாலம்" என்போம்.

நானும் ஒருமுறை அப்படிச் சொன்னேன். அந்த அரை மணித்தியாலம் முடியப் பதினொரு மாதம் எடுத்தது. இனி ஒளித்து என்ன பயன்? லண்டனில் மனோர் பார்க்கிலிருந்து எட்மண்டன் வரை இந்தக் கதை தெரியாத தமிழ்க் குடும்பம் குறைவு. (என் மனைவி பதினான்கு வட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறாள்.)

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. வாரநாளில் எலக்ரீசியன், சனி ஞாயிறில் 'நியூ தேனலைகள்' இசைக்குழுவின் கீபோர்ட் வித்துவான். (பழைய தேனலைகள் எங்கே என்று கேட்பீர்கள். ஒரு பிறந்தநாள் விழாவில், வாத்தியக்காரருக்கு முதலில் சாப்பாடா பாடகருக்கு முதலில் சாப்பாடா என்ற கேள்வியில் உடைந்துபோனது. கொத்துரொட்டி சம்பந்தப்பட்ட விஷயம், விபரம் வேண்டாம்.) மிச்சம் இருந்தது மூன்று பேர். பாடகர் ஜெயா அண்ணை. பிரான்சில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர், தமிழ்க் கடைகளுக்கு வான் வண்டியில் சாமான் இறக்குவது தொழில். ஒக்டபாட் என்ற மின்தாளப் பெட்டியை அடிப்பது சுதன்; பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், எட்மண்டனில் கராஜ் வைத்த வீட்டுக்குச் சொந்தக்காரன். கராஜுக்காகத்தான் அவனைச் சேர்த்தோம் என்று ஒரு பேச்சு உண்டு. நான் மறுக்கவில்லை.

எங்களுக்கு ஒரே ஒரு கொள்கைதான். ஒரிஜினலில் எப்படி இருக்கிறதோ அப்படியே வாசிக்க வேண்டும். "அச்சு ரெக்கோர்ட் மாதிரியே இருந்தது" என்று ஒருவர் சொன்னால் ஒரு மாதத்துக்கு எங்கள் கால் தரையில் படாது. புல்லாங்குழல்காரர் ஓரிடத்தில் மூச்சு வாங்கியிருந்தால் நானும் அந்த இடத்தில் மூச்சு வாங்குவேன். ஒருமுறை பழைய பாட்டொன்றுக்கு, இசைத்தட்டுக் கீறலின் கரகர சத்தத்தையும் கீபோர்டில் ஏற்றி வாசித்து, ஒரு சாமத்தியச் சடங்கு வீட்டில் சனத்தை எழுந்துநின்று கைதட்ட வைத்தவன் நான். இந்த விஷயத்தை நினைவில் வைத்திருங்கள். பின்னால் என்னை விசரன் என்று திட்டும்போது கொஞ்சம் குறைத்துத் திட்டுவீர்கள்.

பிறகு மதுரா. பார்க்கிங் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தாள். இரண்டு வருடமாக நாங்கள் விரும்பியிருந்தோம். அவள் அப்பா சிவபாலன் அங்கிளுக்கு மனோர் பார்க்கில் பலசரக்குக் கடை. கடைக்கு மேல்மாடியில் வீடு. பார்கோட் இல்லாத எதையும் நம்பாத மனிதர். மதுரா என்னைப் பற்றி வீட்டில் சொன்னதும், "ஆளை ஒருக்காக் கடைக்கு வரச்சொல்லு" என்றார்.

போனேன். ஃப்ரீசருக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்து விசாரணை நடந்தது.

"தம்பி என்ன செய்யிறீர்?"

"எலக்ரீசியன், அங்கிள்."

"நல்லது."

நல்ல பெயரை இன்னும் கொஞ்சம் கூட்டுவோம் என்று, அந்த ஃப்ரீசரின் பிளக் கருகியிருந்ததைப் பார்த்து, அங்கேயே கழற்றி மாற்றிக் கொடுத்தேன். அவர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. அத்தோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். என் நாக்குச் சும்மா இருக்கவில்லை.

"மியூசிக்கும் செய்யிறனான் அங்கிள். கீபோர்ட்."

அவர் மேலே முகட்டைப் பார்த்தார். மேலே கமலா அன்ரி, அவர் மனைவி, நடக்கும் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப உம்மளால ஒரு காரியம் ஆகவேணும். கலியாணம் முடிச்சு நாலாம் மாசம் நான் ஜெர்மனிக்கு வெளிக்கிட்டனான். ஆறு வருசம். அவ யாழ்ப்பாணத்தில. அங்க அகதிக் கேம்பில இருக்கேக்க நான் ஒரு பாட்டுக் கட்டினனான், தம்பி. அவவை நினைச்சு. இண்டைவரைக்கும் அவவுக்குத் தெரியாது."

நான் வாயைப் பிளந்தேன். பருப்பு மூட்டைக்கும் மிளகாய்த்தூள் பெட்டிக்கும் நடுவில் நின்ற அந்த மனிதருக்குள் ஒரு பாட்டு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

"அடுத்த மாசக் கடைசியில எங்கட முப்பதாவது கலியாண நாள். பார்க்கிங்கில ஹோல் எடுத்திருக்கிறன். அண்டைக்கு அவ அந்தப் பாட்டைக் கேக்கவேணும். அது சரியா வந்தால், அடுத்த கிழமையே உம்மட அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டை வாரும்."

சரியாக வராவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஃப்ரீசர் மட்டும் இரைந்துகொண்டு நின்றது.

"ஒரு பாட்டுப் பழக எவ்வளவு நாள் எடுக்கும் தம்பி?"

"அரை மணித்தியாலம் காணும், அங்கிள்."

"மெய்யாவோ? நான் முப்பது வருசமாப் பாடுறன், இன்னும் எனக்குச் சரிவரேல்லை."

நான் சிரித்தேன். தொழில் தெரிந்தவன் தொழில் தெரியாதவனைப் பார்த்துச் சிரிக்கும் அந்தச் சிரிப்பு. இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று போடலாம் போலிருக்கிறது.

"ஒண்டு மட்டும்," என்றார். "நான் பாடினபடியே வரவேணும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"அதுதான் அங்கிள் எங்கட ஸ்பெஷலே!" என்றேன்.

மறுநாள் காலை ஏழு இருபதுக்கு அவர் பாடிய பதிவு வட்ஸ்அப்பில் வந்தது. மூன்றே முக்கால் நிமிடம். அரை மணித்தியால வேலைக்கு ஆறு கிழமை இருக்கிறதே, என்ன அவசரம்? ஒரு பெருவிரலை உயர்த்தி அனுப்பிவிட்டு வேலைக்குப் போனேன்.

முதல் கிழமை மழை. இரண்டாம் கிழமை ஒரு வீடு முழுக்க வயரிங். மூன்றாம் கிழமை என்ன நடந்தது என்று உண்மையாகவே தெரியவில்லை; மூன்றாம் கிழமைகள் அப்படித்தான் போகும். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் மதுராவைப் பார்க்கிற சாட்டில் கடைக்குப் போவேன். ஒவ்வொரு ஞாயிறும் அங்கிள் கேட்பார்.

"பாட்டு என்ன மாதிரி?"

"முடிஞ்சுது அங்கிள். சும்மா மெருகேத்திக்கொண்டு இருக்கிறம்."

நாலாம் கிழமை எனக்கு உற்சாகம் கூடிவிட்டது. "அங்கிள், அந்த ரெண்டாஞ் சரணத்தில ஒரு இடம் வருதே... எனக்குக் கண்ணில தண்ணி வந்திட்டுது" என்றேன்.

அவர் விரலை மடித்து எண்ணினார். "ஒரு சரணம்தானே தம்பி இருக்கு?"

"ஓம் அங்கிள். அதைத்தான் நான் ரெண்டு தரம் கேட்டனான்."

மதுரா என்னைப் பார்த்த பார்வையில் ஃப்ரீசர் இன்னும் இரண்டு டிகிரி இறங்கியிருக்கும். வெளியே வந்ததும், "யூ ஹாவ்ன்ட் ஈவன் ஓப்பன்ட் இட், என்ன?" என்று கேட்டாள். என்ன அபாண்டம் என்று நான் ஐந்து நிமிடம் கோபித்துக்கொண்டு நின்றேன். (அவள் சொன்னது முழு உண்மை.)

விழா ஞாயிறு பின்னேரம். சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, சுதனின் கராஜில், மூன்று பேரும் தேத்தண்ணியோடு உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் பொருத்தி அந்தப் பதிவை முதன்முதலாகத் திறந்தோம்.

முதலில் பாட்டு வரவில்லை. 'ம்ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வந்தது.

"தம்புரா," என்றேன் நான்.

(மறுபடியும் சொல்கிறேன், என் தொழில் எலக்ரீசியன். அந்த இரைச்சல் வந்த ஃப்ரீசருக்குப் பிளக் மாற்றியவனும் நான்தான்.)

பிறகு அங்கிளின் குரல். நம்பமாட்டீர்கள், நன்றாகப் பாடினார். சத்தம் போடாமல், தனக்குத்தானே பாடுகிற குரல். அந்த 'ம்ம்ம்'மோடு சுருதி இம்மியும் பிசகவில்லை. "காகிதம் வந்த நாளை மட்டும் நாளென்று எண்ணினேன்..." என்று தொடங்கியது பாட்டு. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினோம். அப்போது வந்தது அது.

பீப்.

"உது என்னடா?" என்றான் சுதன்.

"மெட்ரோனோமா இருக்கும். காலம் தவறாமல் பாடுறதுக்கு வைப்பினம்."

சுதன் கணக்கு வாத்தியார் அல்லவா, பேப்பரும் பேனையும் எடுத்துவிட்டான். பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டு எண்ணினான். "மெட்ரோனோம் எண்டால் ஒரே இடைவெளியில வரவேணும். இது மூண்டில ஒண்டு விழுது, அஞ்சில ஒண்டு, பிறகு பதினொண்டில ரெண்டு சேந்து விழுது." ஒரு மணித்தியாலம் கழித்துப் பேனையை வைத்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. "மச்சான், மனுசன் சும்மா ஆளில்லை. பதினேழு எண்ணிக்கையில ஒரு தாளம் கட்டியிருக்கிறார். பலசரக்குக் கடைக்குள்ள இப்பிடி ஒரு மேதை!"

ஜெயா அண்ணை மட்டும் தலையைச் சொறிந்தார். "எனக்கெண்டால் உந்தச் சத்தம் எங்கயோ ஒவ்வொரு நாளும் கேக்கிற சத்தம் மாதிரிக் கிடக்கு."

"அண்ணை, பேசாமல் பாட்டைக் கவனியுங்கோ," என்றோம் இரண்டு பேரும். நாளுக்கு இருபது கடை ஏறி இறங்குகிற மனிதர் அவர். நாங்கள் கேட்டோமா?

சரணம் தொடங்குவதற்கு முன் பாட்டு திடீரென்று நின்றது. தம்புரா மட்டும். பீப்பும் இல்லை. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். சரியாக ஒன்பது விநாடி. பிறகு ஒன்றுமே நடக்காததுபோலப் பாட்டு தொடர்ந்தது. கடைசி வரிக்கு முன் "ஆஆஆஆஅ... ம்ம்ம்" என்று ஒரு சங்கதி, கீழிருந்து கிளம்பி முகட்டைத் தொட்டுவிட்டு நடுங்கியபடி இறங்கியது.

"மேல்ஸ்தாயிப் பிருகா," என்றார் ஜெயா அண்ணை, மிகுந்த மரியாதையோடு. "கஷ்டம். ஆனால் செய்யலாம்." அதை அவர் நாற்பது தரம் பயிற்சி செய்தார். முப்பதாவது தரத்தில் பக்கத்து வீட்டுப் பெண்மணி கதவைத் தட்டி, எல்லாரும் நலமா, அம்புலன்ஸ் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஜெயா அண்ணைதான் கடைசியில், "எதுக்கும் மனுசனிட்ட ஒருக்காக் கேப்பமே?" என்றார்.

"கேக்க ஏலாது அண்ணை! பாட்டு முடிஞ்சுது எண்டு அஞ்சு கிழமையாச் சொல்லி வைச்சிருக்கிறன். இப்ப போய் 'பீப் என்ன' எண்டு கேட்டால் பொம்பிளை தருவாரோ?"

ஆகவே பழகினோம். பீப்புக்கு ஏற்ற சத்தத்தைக் கீபோர்டில் தேடிச் சுருதி சேர்த்து ஒரு கட்டையில் ஏற்றினேன். தம்புராவை இன்னொரு கட்டையில் ஏற்றினேன். சுதன் பதினேழு எண்ணிக்கையை மனப்பாடம் செய்தான். பின்னேரம் ஐந்து மணிக்கு, அந்தப் பதிவையும் எங்களையும் மாறிமாறிப் போட்டுக் கேட்டால் வித்தியாசம் தெரியாது. என் வாழ்க்கையில் ஒரு பாட்டை அவ்வளவு சுத்தமாக நான் பழகியதில்லை. அதுதான் கொடுமை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசை முழுக்க அங்கிளின் கடைக்காரக் கூட்டாளிகள். கமலா அன்ரி நீலப் பட்டுச் சேலையில் நடுநாயகமாக இருந்தா. என் அப்பாவும் அம்மாவும் அழைப்பில்லாமலே வந்து பின்வரிசையில் இருந்தார்கள். மகன் பெண் எடுக்கப்போகிற மேடையைப் பார்க்க வேண்டாமா?

அங்கிள் மைக்கைப் பிடித்தார். "கமலா... நான் உமக்கு ஒருநாளும் ஒண்டும் வடிவாச் சொன்னதில்லை. சொல்லத் தெரியாது. இது கேம்பில கட்டின பாட்டு. தம்பியவை வாசிப்பினம்." அவ்வளவுதான். போய் அன்ரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். அந்த நேரத்தில் எனக்கே அவர்மேல் அன்பு பொங்கியது.

தம்புராக் கட்டையை அழுத்தினேன். ம்ம்ம்ம்.

"காகிதம்," என்று தொடங்கினார் ஜெயா அண்ணை.

பீப்.

"வந்த நாளை..."

பீப். பீப்.

முன்வரிசைக் கடைக்காரர் நாலு பேர் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "ஆரப்பா காசு ரில்லில நிக்கிறது?" என்று கேட்டது மேடைவரை கேட்டது. அங்கிள் தலையை நிமிர்த்தினார். நான் அவரைப் பார்த்து, 'பார்த்தீர்களா, ஒன்றையும் விடவில்லை' என்பதுபோல ஒரு புன்னகை செய்தேன்.

பீப்.

கதவடியில் நின்ற மண்டபக் காவலாளி, வயதான வெள்ளைக்காரர், முகட்டைப் பார்த்தார். புகை எச்சரிக்கைப் பெட்டியில் பற்றரி முடிந்தால் இப்படித்தான் கத்தும் என்பது லண்டனில் குழந்தைக்கும் தெரியும். மனிதர் ஓடிப்போய் ஏணியோடு வந்தார். சரணம் நெருங்கும்போது அவர் மண்டபத்தின் நடுவில் ஏணியை விரித்துவிட்டார்.

அப்போது ஒன்பது விநாடி வந்தது.

நாங்கள் நிறுத்தினோம். சனம் பாட்டு முடிந்தது என்று கைதட்டியது. நாங்கள் அசையவில்லை. கைதட்டல் ஓய்ந்தது. சுதன் கண்ணை மூடி எண்ணிக்கொண்டிருந்தான். ஜெயா அண்ணை வாயைத் திறந்தபடி நின்றார். யாரோ, "வயர் கழண்டுபோச்சுது போல" என்றார்கள். பின்வரிசையிலிருந்து என் அம்மா, ஒருமுறை, சத்தமாக, "முருகா!" என்றா.

ஒன்பது. பாட்டு மறுபடி கிளம்பியது. கைதட்டியவர்களுக்கு வெட்கமாகிவிட்டது. காவலாளி ஏணியில் ஏறி, இரண்டு கையாலும் அந்தப் பெட்டியைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தபோதுதான் ஜெயா அண்ணை தன் நாற்பது தரப் பயிற்சியையும் ஒன்றாகத் திரட்டி அந்தப் பிருகாவை விட்டார்.

"ஆஆஆஆஅ!"

காவலாளி பெட்டியோடு இறங்கிவிட்டார். (விழவில்லை. கடைசி இரண்டு படியை மட்டும் மிதிக்கவில்லை.) மூன்று குழந்தைகள் அழத் தொடங்கின. கடைசி வரியை யாரும் கேட்கவில்லை. பாட்டு முடிந்ததும் அந்த மண்டபத்தில் கேட்டது ஒரே ஒரு சத்தம்தான்: காவலாளியின் கையிலிருந்த பெட்டி, தன் பங்குக்கு, ஒரு தரம் 'பீப்' என்றது.

அங்கிள் எழுந்தார். முகம் செத்தல் மிளகாய்போல இருந்தது. மேடையடிக்கு வந்து, மைக் இல்லாமலே கேட்டார்.

"தம்பி, இது என்ன?"

"நீங்கள் பாடினபடியே, அங்கிள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை."

"நான் எங்கயடாப்பா பீப் அடிச்சனான்? நான் காலமை கடை திறக்க முந்தி விலை சரிபார்க்கிறனான். ஸ்கானரைக் கையில வைச்சுக்கொண்டு பாடினால்தான் எனக்குப் பாட்டு வரும். போன் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள கிடந்தது!"

என் பக்கத்தில் ஜெயா அண்ணை மெதுவாக, "நான் அப்பவே சொன்னனான், எங்கயோ கேட்ட சத்தமெண்டு" என்றார். சுதனின் பதினேழு எண்ணிக்கைத் தாளம் என்னவென்று அப்போதுதான் விளங்கியது: பருப்பு, உழுந்து, இரண்டு பக்கற் ரவை.

"அந்தப் பிருகா?" என்று ஜெயா அண்ணை ஈனக்குரலில் கேட்டார்.

"வெங்காய மூட்டை காலில விழுந்தது!"

எனக்கு மேடை பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது என்றிருந்தது. மதுரா முகத்தைக் கையால் மூடியிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து என் நெஞ்சு உடைந்தது. (சிரித்துக்கொண்டிருந்தாளாம். கலியாணத்துக்குப் பிறகுதான் சொன்னாள்.) முப்பது வருடம் ஒரு மனிதர் நெஞ்சுக்குள் வைத்திருந்ததை நான் மூன்றே முக்கால் நிமிடத்தில் சந்தி சிரிக்க வைத்துவிட்டேன். ஆறு கிழமையில் ஒருநாள், ஒரே ஒருநாள் முன்னதாகத் திறந்து கேட்டிருந்தால்? அந்த வெட்கம் இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.

அப்போது அன்ரி சிரிக்கிற சத்தம் கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துச் சிரித்தா. பிறகு எழுந்து வந்து அங்கிளின் கையைப் பிடித்தா.

"இஞ்சாருங்கோ, இது எங்கட காலமை ஏழுமணிப் பாட்டெல்லோ?"

அங்கிள் திகைத்துப்போனார். "உமக்குத் தெரியுமோ?"

"இந்தக் கடை எடுத்த நாளிலயிருந்து கேக்கிறன். பலகைத் தரைதானே, எல்லாம் மேல கேக்கும். பீப்பும் கேக்கும், பாட்டும் கேக்கும்."

"பிறகேன் ஒருநாளும் சொல்லேல்லை?"

"சொன்னால் வெக்கத்தில பாடுறதை விட்டிடுவியள். நான் மேல நடந்தால் நீங்கள் கீழ நிப்பாட்டுவியள். அதுக்காக, நீங்கள் நிப்பாட்டின உடன நானும் கேத்திலைக் கையில பிடிச்சபடி அசையாமல் நிப்பன். பிறகு தொடங்குவியள்." அன்ரி எங்களைத் திரும்பிப் பார்த்தா. "அந்த இடத்தையும் பிள்ளையள் விடேல்லை, பாருங்கோ. அந்த 'ஆ' மட்டும்தான் எனக்குப் புதுசு."

ஒன்பது விநாடி. அவர் கீழே நின்று அன்ரியின் காலடிக்குக் காதுகொடுக்க, அன்ரி மேலே நின்று அவர் பாட்டுக்குக் காதுகொடுத்த நேரத்தைத்தான் நான் மணிக்கூடு வைத்து அளந்து, கீபோர்டில் வாசித்திருக்கிறேன். மண்டபத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. அங்கிள் வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அழுதார் என்று நான் சொன்னால் இன்றைக்கும் மறுப்பார்.

இத்தோடு தப்பினேன் என்று நினைத்தீர்களா? நானும் நினைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் அங்கிள் என்னை ஒரு மூலைக்குக் கூப்பிட்டார்.

"உண்மையைச் சொல்லும். எப்ப பழகினனீர்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நேற்றுத்தான் அங்கிள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் திறந்தனான்."

"அப்ப அந்த ரெண்டாஞ் சரணம்? கண்ணீர்?"

தரையைப் பார்த்தேன். அவர் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "கமலா சந்தோஷப்பட்டது அவவின்ர நல்ல குணம். அதில உமக்குப் பங்கில்லை. பொம்பிளை வேணுமெண்டால் ஞாயிற்றுக்கிழமையில காலமை ஏழு மணிக்குக் கடைக்கு வாரும். ஸ்கானரை நீர் பிடியும், நான் பாடுறன். பாட்டு எப்ப சரியா வருதோ, அப்ப உம்மட அப்பா அம்மா வரட்டும்."

"எவ்வளவு நாள் எடுக்கும், அங்கிள்?"

"அது அரை மணித்தியாலத்தில சொல்ல ஏலாது, தம்பி."

பதினொரு மாதம். எட்மண்டனில் என் வீட்டிலிருந்து மனோர் பார்க்குக்கு, மழையிலும் குளிரிலும், ஞாயிறு தவறாமல் போனேன். பருப்பை ஸ்கான் செய்தேன், அவர் பாடினார். எங்கே மூச்செடுக்கிறார், எங்கே குரலைத் தாழ்த்துகிறார் என்று கேட்டேன். "கணக்குப் பார்த்தால் எனக்கு வயது இரண்டே மாதம்" என்று இரண்டாவது வரி வரும். காகிதம் வந்த நாளை மட்டும் நாளென்று எண்ணினால் ஆறு வருடமும் இரண்டு மாதம்தான். ஏழாம் மாதம் ஒருநாள் அந்த வரியில் உண்மையாகவே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் அதைச் சொல்லவில்லை; சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் அன்றைக்குத்தான் அவர், "இன்னும் நாலு மாசம் பழகும், வாற மாசி மட்டில அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார்.

எங்கள் கலியாணத்தில் நியூ தேனலைகள் அந்தப் பாட்டை வாசித்தது. அன்ரியின் கட்டளைப்படி, பீப்போடு. ஒன்பது விநாடிக்கு இருநூறு பேரும் மூச்சுவிடாமல் இருந்தார்கள். ஏணியோடு யாரும் வரவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் நேரம் சொல்வதற்கு உரிமை இழந்தவன். "பத்து நிமிசத்தில வாறன்" என்று நான் போனில் சொன்னால் மதுராவின் பதில் ஒரே சொல்தான்: "பீப்." ஆறு வயது மகள், அப்பா எப்போது வருவார் என்று பள்ளிக்கூடத்தில் ஆசிரியை கேட்டதற்கும் அதையே சொல்லியிருக்கிறாள். ஆசிரியை அதை என்னிடம் விளக்கம் கேட்க, நான் பாதிக் கதை சொல்லி முடிக்கவே மணி அடித்துவிட்டது.

போன மாதம் அங்கிளின் பழைய ஸ்கானர் செத்துப்போனது. புதிது ஒன்று வாங்கினார். ஞாயிறு காலை, முதல் பருப்புப் பக்கற்றுக்கு முதல் பீப். மேலே தரையில் டொம் டொம் என்று காலால் அடிக்கிற சத்தம் கேட்டது. அன்ரி படியில் பாதிவரை இறங்கி வந்துவிட்டா.

"உது என்ன சத்தம்? சுருதி சேரேல்லை! பழையதைத் திருத்துங்கோ."

அங்கிள் பழைய ஸ்கானரைக் குப்பைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துத் துடைத்து என் கையில் தந்தார். நானும் எலக்ரீசியன்தானே. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். சின்ன வேலைதான்.

"எவ்வளவு நேரம் எடுக்கும், மருமோன்?"

வாயைத் திறந்தேன். சத்தியமாக ஒரு சொல்லும் இன்னும் வெளியே வரவில்லை. படியிலிருந்து அன்ரி, ரில்லடியிலிருந்து மதுரா, ஃப்ரீசர்மேல் ஏறியிருந்த மகள், மூன்று பேரும் ஒரே சுருதியில் சொன்னார்கள்:

"பீப்!"